களையும் மண்ணும்

களை பறித்தலைப் பழந்தமிழர் 'கட்டல்' என்றனர். உழுதல், எருவிடுதல், களைகட்டல், நீர் பாய்ச்சல், காத்தல் என்னும் ஐந்தினையும் வள்ளுவர் உழவு அதிகாரத்தில் ஒரே குறளில் அமைத்தார். அதனை வகுப்பில் விளக்குந்தோறும், களை நீங்கிய மண்ணின் கதி யாது என்னும் வினா எம் உள்ளத்தில் எழுவதுண்டு. சமவெளியிற் பயிரிடுவார்க்கு அது சிறு வினா. கண்டிச் சரிவுகளிற் பயிரிடுவார்க்கோ அதுவே பெருவினா.

எமது வீட்டின் பின்புறச் சரிவிலே போஞ்சி, கத்தரி, தக்காளி ஆகியவற்றைப் பயிரிட்டு வருகின்றோம். எமக்குப் பெரும்பகை கோரை. மேலே பிடுங்கப் பிடுங்க, உள்ளே கிடக்கும் கிழங்கிலிருந்து அது மீண்டும் முளைக்கும். மண்வெட்டியாற் கொத்தினாலோ கிழங்குகள் பிரிந்து பரவும். கொத்திய நிலத்தில் மாலை மழை பெய்யின், மேல்மண் செந்நீராய் ஓடி மகாவலியை நாடும்.

இது புதிய கதையன்று. கோப்பிக் காலத்திலும், 1867இல் லூல்கந்துரையிலே ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட பின்னரும், புல்லொன்றும் நில்லாது சுரண்டுதலே நல்ல தோட்டத்துக்கு இலக்கணமெனக் கருதப்பட்டது. நம்மவர் பலரின் பாட்டன் பாட்டியர் கைகளே அவ்வேலையைச் செய்தன. மலையின் மேல்மண்ணோ மழையோடு போயிற்று. மண் காப்புச் சட்டம் 1951இலேதான் பிறந்தது.

பின்னர்க் களைகொல்லிகள் வந்தன. பரகுவாட் தான் பட்ட பசுமையைக் கருக்கும். உட்கொண்டார்க்கோ மாற்று மருந்தில்லை. ஆதலின் 2008 முதல் அது நம் நாட்டிற் படிப்படியாக விலக்கப்பட்டது. கிளைபோசேட் இலைவழி இறங்கிக் கிழங்கையும் தாக்கும். ஆயின் களையென்றும் பயிரென்றும் வேறுபாடறியாது. சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் 2015இல் அது தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் தடை தளர்ந்தது. 2022இல் முற்றும் நீங்கிற்று. தடைநின்ற ஆண்டுகளில், களை பறிக்கும் கூலியே தம் ஊதியத்தை விழுங்கிற்றென அயலிலுள்ள மரக்கறிச் செய்கையாளர் ஒருவர் எம்மிடம் வருந்தினார். அவர் துன்பம் மெய்யே. மருந்தை மறுப்போர், அவ்வேலைக்கு வேண்டிய கைகளுக்கும் வழி கூறுதல் வேண்டும்.

யாம் கைக்கொள்ளும் முறை எளிது. நாற்று நட்ட முதற் சில வாரங்களில் எழும் களையே விளைச்சலை மிகவும் குறைப்பது. அப்பொழுது கையாற் பிடுங்கி, பாத்தியின்மேல் வைக்கோலும் கிளிரிசீடியா இலையும் பரப்புகின்றோம். ஒளி குன்றுதலாற் சிறு களைகள் அடங்கும், மழைத்துளி மண்ணைக் குத்தாது, மக்கியவை எருவாகும். கோரை மாத்திரம் அதனையும் துளைத்து எழும். அதனைக் கிழங்கோடு அகழ்தல் வேண்டும். சரிவின் ஓரத்துப் புல்லை வேரோடு பறியாது, அரிவாளால் அரிந்து விடுகின்றோம். அவ்வேர்களன்றோ மண்ணைப் பற்றி நிற்பன! இதற்குச் சனிக்கிழமைக் காலைகள் பல செலவாகின்றன என்பதையும் மறைக்கின்றிலோம். பெருந்தோட்டத்தார்க்கு இது முழுதும் இயலாது. எனினும் வெறுநிலம் விடாமை எவர்க்கும் இயலும்.

களையைக் களைக, மண்ணைக் களையற்க. விழாக் காணும் நம் கல்லூரியின் மாணவர், கையில் மண்வெட்டி எடுக்கும் நாளில் இதனை நினைவார்களாக.