விமானத்தில் வந்த சீஸும் பெரியப்பாவின் எருமைகளும்

ஒரு ஜனவரி மாதம், அதிகாலை நேரம். சென்னை விமான நிலையத்தின் சரக்கு வாசலில், வாடகைக்கு எடுத்த குளிர்சாதன வண்டியோடு காத்திருந்தார் பவானிப் பக்கத்து இளைஞர் ஒருவர். வேளாண்மைப் பட்டம் படித்தவர். இத்தாலியிலிருந்து 120 கிலோ புராட்டா சீஸ் அவர் பெயருக்கு வந்திறங்கியிருந்தது. முதல் போட்ட பணம், அம்மாவின் நகையை அடகு வைத்தது.

ஊரில் அவருடைய பெரியப்பாவுக்கு நான்கு எருமைகள். அந்தப் பாலில்தான் இவருடைய கல்லூரிக் கட்டணத்தில் பாதி போனது. "ஏன் கண்ணு, தயிரைச் சீமையிலிருந்து கொண்டாந்து விக்கற கதையால்ல இருக்குது?" என்று பெரியப்பா கேட்டபோது, "தயிர் இல்லீங்க பெரியப்பா, இது கிலோ ரெண்டாயிரத்துக்குப் போகுமுங்க" என்று சிரித்தார்.

உண்மையில் பெரியப்பா சொன்னதில் பாதி சரி. பீட்சாவுக்குத் துருவிப் போடும் மொசரெல்லாவில் ஈரம் குறைவு. உறைய வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். புராட்டா அப்படியல்ல. இத்தாலியின் புலியா மாநிலத்தில், ஆந்திரியா ஊர்ப்பக்கம் பிறந்த பண்டம். சீஸையே இழுத்துப் பைபோலச் செய்து, உள்ளே பிய்த்த சீஸ் இழைகளையும் கிரீமையும் நிரப்பி முடிச்சுப் போடுகிறார்கள். ஈரம் மிகுந்தது, 4 டிகிரி குளிரிலேயே இருக்க வேண்டும். இவர் வாங்கிய சரக்குக்கு மொத்த ஆயுளே 20 நாள்.

அந்த 20 நாளைத்தான் அவர் சரியாகக் கணக்குப் போடவில்லை.

நம் நாட்டு விதிப்படி, உணவுப் பொருள் இறக்குமதியாகும்போது அதன் ஆயுளில் 60 சதவீதமோ மூன்று மாதமோ, எது குறைவோ அது மீதம் இருக்க வேண்டும். 20 நாள் சீஸுக்கு 12 நாள். ஆலையில் கட்டியதிலிருந்து 8 நாளுக்குள் இங்கே வந்தாக வேண்டும். அவருடைய சரக்கு ஆறாம் நாளே வந்துவிட்டது. காகிதங்களும் சரியாக இருந்தன. பால் பொருளுக்குக் கால்நடைப் பராமரிப்புத் துறையின் அனுமதி வேண்டும்; இதற்கு அடிப்படை 1898-ஆம் ஆண்டுச் சட்டம். மாட்டுக்கு அசைபோடும் விலங்குகளின் ரத்தம், உள்ளுறுப்பு கலந்த தீவனம் தரவில்லை என்றும், விலங்கு ரென்னெட் சேர்க்கவில்லை என்றும் ஏற்றுமதி நாட்டின் சான்றிதழ் வேண்டும். எல்லாம் இருந்தன.

பிறகு மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். இடையில் பொங்கல் விடுமுறை, அதை ஒட்டிச் சனி, ஞாயிறு. சரக்கு கைக்கு வந்தபோது மீதி 6 நாள். இதில் ஆய்வகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லிஸ்டீரியா போன்ற கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க நாள் ஆகத்தான் செய்யும், அவசரப்படுத்தினால் வளராது. ஆனால் ஓட்டல் சமையல்காரர்கள் 10 நாளாவது இருந்தால்தான் எடுப்போம் என்றார்கள். 45 கிலோவைப் பாதி விலைக்குத் தள்ளினார். மிச்சத்தைக் குழி வெட்டிப் புதைத்தார். அந்த வாரம் வீட்டுக்குப் போகவில்லை.

வெளிநாட்டு சீஸ் இறங்கினால் நம் பால் விலை விழுந்துவிடுமா என்று இந்த இதழின் கேள்வி–பதில் பகுதிக்கே கடிதங்கள் வருவதுண்டு. பால்பவுடர், வெண்ணெய், கெட்டிச் சீஸ் விஷயத்தில் அந்தப் பயம் நியாயமானது. அவை கப்பலில் வாரக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. புதுச் சீஸ் கதை வேறு. அங்கே 8,000 கிலோமீட்டரைவிட 80 கிலோமீட்டருக்குத்தான் பலம்.

அந்தப் பலத்தை அந்த இளைஞர் நான்கு மாதம் கழித்துத்தான் பயன்படுத்தினார். பெரியப்பா எருமைகளை விற்க வியாபாரியிடம் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. பசும்பாலில் ஒரு கிலோ மொசரெல்லாவுக்கு 8 முதல் 10 லிட்டர் பிடிக்கும். எருமைப் பாலில் 4, 5 லிட்டரே போதும். பாலைப் பாஸ்சரைஸ் செய்து, உறையும் நுண்ணுயிர் ரென்னெட்டும் சேர்த்து, கட்டியை அறுத்து, அமிலத்தன்மை பி.எச். 5.2 அளவுக்கு வந்ததும் 80 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் இழுக்க வேண்டும். முதல் மூன்று முறை இழுக்கவே வரவில்லை, உதிர்ந்துபோனது. காரணம் தேடி அலைந்து கடைசியில் தொழுவத்தில் கண்டுபிடித்தார். மடிநோய்க்கு மருந்து ஏற்றிய எருமையின் பாலும் அதே கேனில் சேர்ந்திருந்தது. ஆன்டிபயாடிக் உறையைக் கொன்றுவிட்டதால் புளிப்பு ஏறவில்லை. மருந்துச் சீட்டில் போட்டிருக்கும் நாள்வரை அந்தப் பாலை ஒதுக்குங்கள் என்று சொல்வதை நம் ஆட்கள் காதில் வாங்குவதே இல்லை.

தீவனமும் அப்படித்தான். 2008-இல் இத்தாலியின் கம்பானியா பகுதியில், குப்பை எரித்த நச்சான டயாக்சின் எருமைப் பாலில் தெரிந்ததும், ஜப்பானும் தென்கொரியாவும் அங்கிருந்து வரும் மொசரெல்லாவை நிறுத்திவைத்தன. பேர் பெற்ற சீஸுக்கே அந்தக் கதி. இங்கே நமக்கு எமன் பூசணம் பிடித்த கடலைப்புண்ணாக்கு. அதிலுள்ள அஃப்ளாடாக்சின் பாலுக்கு வரும். சீஸாக்கும்போது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செறிவு கூடும். பெரியப்பா வீட்டில் புண்ணாக்கு மூட்டை இப்போது தரையில் இல்லை, பலகை மேல் இருக்கிறது.

நான்காம் முறை கட்டி இழுபட்டது. உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து, வாரம் மூன்று நாள் கோயம்புத்தூர் ஓட்டல்களுக்கு ஐஸ் பெட்டியில் அனுப்புகிறார். மாலையில் செய்தது காலையில் சமையலறையில் இருக்கும். புராட்டாவையும் விடவில்லை, முன்பணம் கட்டுபவர்களுக்கு மட்டும், பண்டிகை இல்லாத வாரமாகப் பார்த்து 20 கிலோ வரவழைக்கிறார். நகை இன்னும் முழுதாக மீளவில்லை.

எருமை வியாபாரி மறுபடி வந்தபோது பெரியப்பா மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். தம்பி மகன் செய்த சீஸை ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தார்.

"உப்பு பத்தல கண்ணு."

"அது அப்படித்தானுங்க பெரியப்பா."

"அப்பச் சரி" என்றவர், இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போனார்.