பாத்திக் விற்று வாங்கிய மணல்வெளி

சென்னைக்குப் போகும் நம்மவர்களின் பயணத் திட்டம் தெரிந்ததுதான். தியாகராய நகரில் புடவை, மயிலாப்பூரில் கோயில், நேரம் இருந்தால் மாமல்லபுரம். தம்பியின் கல்யாணத்துக்குத் துணியெடுக்க அம்மாவுடன் போன நானும் அப்படித்தான் கிளம்பினேன். ஆனால், மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். சோழமண்டலம் ஓவியர் கிராமம்!

அம்மாவின் முகம் சுருங்கியது. காரணம் உண்டு. எஸ்.பி.எம். முடித்துவிட்டு சிலிபின் வீட்டில் இருக்கும் தங்கை, ஓவியம்தான் படிப்பேன் என்கிறாள். "படம் வரைஞ்சா சோறு கிடைக்குமா?" என்பது அம்மாவின் ஒரே கேள்வி. தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிய பெற்றோரின் கஷ்டத்தைப் பார்த்து வளர்ந்தவர். அவர் கேட்பதிலும் தவறில்லை.

உள்ளே, மர நிழலில் கருங்கல் சிற்பங்கள். சாமி சிலையுமல்ல, தலைவர் சிலையுமல்ல.

"என்னய்யா இது?"

"உங்களுக்கு என்னவாத் தெரியுது?"

"அம்மிக்கல்லு சாஞ்சு நிக்கிற மாதிரி இருக்கு" என்றவர், மெல்லச் சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தார்.

ஓவியக் கூடத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியம். கட்டங்கள், எழுத்துகள், குறிகள். "ஜாதகம் மாதிரியில்ல இருக்கு!" என்றார் அம்மா. பணிக்கர் ஜாதகக் கட்டங்களிலிருந்தும் உருவங்களை எடுத்தவர்தான். அம்மாவின் கண் ஏமாறவில்லை.

சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த பணிக்கர், மாணவர்களையும் சக கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு 1966-இல் இந்தக் கிராமத்தைத் தொடங்கினார். அன்று ஓவியம் வாங்க ஆள் குறைவு. அதனால் கலைஞர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றார்கள். அந்தக் காசைச் சேர்த்து, கடலோர மணல்வெளியில் சுமார் 10 ஏக்கர் வாங்கிக் குடியேறினார்கள். கைத்தொழில் சோறு போட்டது. ஓவியமும் சிற்பமும் அவர்கள் விருப்பப்படி வளர்ந்தன.

"பாத்திக்கா? நம்ம ஊர்ல வியாழக்கிழமையானா அரசாங்க ஊழியர்கள் போடுறாங்களே, அதுவா?"

"அதேதாம்மா."

சென்னை செல்பவர்கள் இங்கே இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வெயில் ஏறுமுன் போனால் பிள்ளைகள் தோட்டத்தில் நிதானமாகச் சுற்றலாம்.

காரில் ஏறியதும் அம்மா நெடுநேரம் பேசவில்லை. மாமல்லபுரம் நெருங்கும்போது கேட்டார்:

"பாப்பா அந்தப் பாரத்த எப்ப அனுப்பணும்?"