நட்சத்திர முத்திரை போட்ட வாள்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு. டோக்கியோ வந்து நாலு வருஷம் ஆச்சு. இங்க வர்ற நம்மாளுங்க ஒவ்வொருத்தருக்கும் ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒருத்தர் கேமரா லென்ஸா வாங்கிக் குவிப்பார், இன்னொருத்தர் ஃபியூஜி மலையை எட்டுத் திசையிலிருந்தும் படம் எடுப்பார். எனக்குப் பிடிச்சது வாள். அதுலயும் எல்லாரும் ஆசைப்படுற சாமுராய் காலத்து வாள் இல்லை. 1930களிலும் 40களிலும் ஜப்பான் ராணுவ அதிகாரிகளுக்காக, ஆனால் பழைய முறைப்படியே கையால் அடித்துச் செய்த வாள்கள். வாள் சேகரிக்கிறவங்க மத்தியிலேயே இது கொஞ்சம் ரெண்டாம்பட்சம்தான். ஊருக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னப்ப அம்மா கேட்டது இதுதான்: "ஏன்டா, வீட்ல இருக்குற அருவாள் பத்தாதா?" :-)

நான் படிச்சது மெக்கானிக்கல், கேம்பஸுக்கு வந்தது சாஃப்ட்வேர் கம்பெனி. பல பேரோட கதைதான். ஆனா மெட்டலர்ஜி பேப்பர் மட்டும் எனக்கு நிஜமாவே பிடிச்சுப் படிச்ச பேப்பர். அந்த அயர்ன்-கார்பன் டயக்ராம் பரீட்சைக்கு வரையறதோட முடிஞ்சு போச்சுன்னு நினைச்சிருந்தேன். ரியோகோகுவில் இருக்கிற வாள் அருங்காட்சியகத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னாடி நின்னப்ப, அதே டயக்ராம் எஃகுல வரைஞ்சு வெச்ச மாதிரி கண்ணுக்கு முன்னாடி இருந்தது.

சுருக்கமா சொல்றேன். இரும்பு மணலை, களிமண்ணால் கட்டின உலையில் கரியோடு சேர்த்து மூணு நாள் ராப்பகலா எரிப்பாங்க. உலைக்குப் பேர் தத்தாரா. கிடைக்கிற எஃகுக்குப் பேர் தமாஹாகனே. அதுல கார்பன் ஒரே சீரா இருக்காது, கசடும் இருக்கும். அதனால அடிச்சு நீட்டி, மடிச்சு, மறுபடி அடிப்பாங்க. பத்து தடவை மடிச்சா 1024 அடுக்கு, நம்ம தொழில்காரங்களுக்கு இதை விளக்க வேண்டாம். கடைசியில வாள் மேல களிமண் கலவை பூசுவாங்க. முதுகுப் பக்கம் கனமா, கூர்ப்பக்கம் லேசா. பழுக்கக் காய்ச்சி தண்ணியில முக்கினா, கூர்ப்பக்கம் சட்டுனு குளிர்ந்து மார்ட்டென்சைட் ஆயிடும், கண்ணாடி மாதிரி கடினம். முதுகு மெதுவா ஆறும், அது வளைஞ்சு கொடுக்கும். மார்ட்டென்சைட் கொஞ்சம் விரியுமில்லையா, அதுல வாளே மெல்ல வளையும். அந்த அழகான வளைவுக்கு ஒரு காரணம் இதுதான். ரெண்டு எஃகும் சந்திக்கிற இடத்துல வெண்பனி படர்ந்த மாதிரி ஒரு கோடு ஓடும். அதுதான் ஹமோன். தண்ணியில முக்கறப்ப பல வாள் விரிசல் விட்டு வீணாப் போகும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில காலி. பேக்கப்பும் கிடையாது.

போர்க்காலத்துல லட்சக்கணக்குல வாள் தேவைப்பட்டப்ப இதெல்லாம் செஞ்சுகிட்டு இருக்க முடியுமா? தொழிற்சாலை எஃகுக் கம்பியை வாங்கி, இயந்திரச் சம்மட்டியால் தட்டி, எண்ணெயில் முக்கி எடுத்தாங்க. எண்ணெயில் மெதுவா ஆறும், விரிசல் விடாது. ஆனா அந்தப் பனி இருக்காது. தட்டையா, பென்சிலால் கோடு போட்ட மாதிரி இருக்கும். இந்த வகையை ஷோவாதோன்னு சொல்வாங்க. ஹவில்தார் மாதிரியான ஆட்களுக்கு 1935 மாடல் ஒண்ணு, முழுக்க இயந்திரத் தயாரிப்பு. சீரியல் நம்பர் கூட உண்டு. கைப்பிடியை அலுமினியத்துல வார்த்து, கயிறு சுத்தின மாதிரி பெயிண்ட் அடிச்சிருப்பாங்க. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும். இந்தக் கூட்டத்துக்கு நடுவுல கையால் அடிச்ச நிஜ வாளைக் கண்டுபிடிக்கறதுதான் இந்தப் பைத்தியத்தோட மொத்த சுவாரசியமும்.

எப்படிக் கண்டுபிடிக்கறது? கைப்பிடியில ஒரு மூங்கில் ஆணி இருக்கும், அதைத் தட்டி எடுத்தா பிடி கழண்டு வரும். உள்ளே இருக்கிற தண்டுப் பகுதிக்கு நகாகோன்னு பேர். வாளோட ஜாதகமே அங்கதான் இருக்கு. ஒரு பக்கம் கொல்லன் பேர், மறு பக்கம் தேதி. ஷோவா வருஷத்தோட 1925ஐக் கூட்டினா நம்ம வருஷம். செகி ஊர் முத்திரை குத்தியிருந்தா பெரும்பாலும் ஷோவாதோ. சின்னதா ஒரு நட்சத்திர முத்திரை இருந்தா, ராணுவம் தேர்ந்தெடுத்து, தமாஹாகனேவும் கரியும் கொடுத்து வேலை வாங்கின கொல்லரோட வாளா இருக்க வாய்ப்பு அதிகம். முத்திரையே இல்லைன்னா யாரோ தனியா ஆர்டர் கொடுத்ததா இருக்கலாம், அப்ப வாளைப் பார்த்துத்தான் சொல்லணும். அந்தத் துருவை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் தேய்க்கக் கூடாது. வயசைச் சொல்றதே அதுதான். எண்பது வருஷத் துரு காப்பிக்கொட்டை நிறத்துல மெல்லிசா இருக்கும், அரம் போட்ட கோடுகள் நேத்து போட்ட மாதிரி தெரியும்.

இப்ப கொஞ்சம் சங்கடமான பகுதிக்கு வர்றேன்.

1876இல் பொது இடத்தில் வாள் கட்டிக்கொண்டு நடக்க அரசாங்கம் தடை போட்டது. கொல்லர்கள் பிழைப்பு போச்சு. கத்தரிக்கோல், அரிவாள், சமையல் கத்தின்னு மாறிட்டாங்க. ரெண்டு தலைமுறை கழிச்சு, முழு முறையும் தெரிஞ்சவங்க விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் மிச்சம். அதை யார் காப்பாத்தினாங்க? ராணுவமும் அதன் காலத்து தேசபக்தி ஜுரமும். 1933இல் யாசுகுனி கோயில் வளாகத்துக்குள்ளேயே ஒரு பட்டறை வெச்சாங்க. அதுக்கு எஃகு வேணுமேன்னு ஷிமானே மலைப்பகுதியில் நின்னு போயிருந்த தத்தாரா உலையை மறுபடி மூட்டினாங்க. 1945 வரைக்கும் அந்தப் பட்டறையில் சுமார் 8,100 வாள் செஞ்சிருக்காங்க. அதே 1933இல் குரிஹாரா ஹிகோசாபுரோங்கிற அரசியல்வாதி டோக்கியோவில் ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சார். அங்க படிச்ச மியாயிரி அகிஹிராவைத்தான் 1963இல் ஜப்பான் அரசு 'வாழும் தேசியப் பொக்கிஷம்'னு அறிவிச்சது. இன்னிக்கு வாள் செய்றவங்களுக்காக எரியுற ஷிமானே தத்தாரா, 1977இல் அதே பழைய யாசுகுனி உலை இருந்த இடத்துல மீட்டெடுத்தது.

அதாவது, நான் கண்ணாடிப் பெட்டி முன்னாடி வாயைப் பிளந்து பார்த்த கலை அறுந்து போகாம வந்து சேர்ந்ததுல, சீனாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் சூறையாடின படைக்குப் பெரிய பங்கு இருக்கு. இதை நல்லபடியா எப்படிச் சொன்னாலும் நல்லா வரல. 1937 டிசம்பரில், யார் முதல்ல நூறு பேரை வாளால் வெட்டறதுன்னு ரெண்டு இளம் அதிகாரிகள் போட்டி போட்டதா டோக்கியோ பத்திரிகை ஒண்ணு தொடர் செய்தி போட்டது. போருக்கு அப்புறம் 1948இல் ரெண்டு பேருக்கும் நான்ஜிங்கில் மரண தண்டனை. அந்தச் செய்தியில் எவ்வளவு நிஜம், எவ்வளவு பத்திரிகைப் புளுகுன்னு இங்க இன்னமும் சண்டை நடக்குது. ஆனா அதை வெற்றிச் செய்தியா அச்சடிச்சாங்க, ஜனங்க படிச்சாங்க. அதுல சந்தேகம் இல்லை.

ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டு நண்பன் மலேசியத் தமிழன், ஈப்போக்காரன். நான் வாங்கலாம்னு பார்த்து வெச்சிருந்த வாளோட படத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல காட்டினேன். பத்து நிமிஷம் ஹமோன் பத்தி பாடம் எடுத்தேன். பொறுமையா கேட்டுட்டு, "என்னா வருசம் இது?" ன்னான்.

"ஷோவா 18. 1943."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னான், "எங்க பாட்டியோட அப்பா அந்த வருசம் சயாமுக்குப் போனவருடா. திரும்பி வரல."

சயாம்-பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிச்சாங்க. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல் கூலியாட்கள், பெரும்பாலும் ரப்பர் தோட்டத் தமிழர்கள். அவங்கள்ல பாதிக்குப் பாதி திரும்பலைன்னு சொல்றாங்க. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு அங்க வரிசையா கல்லறை இருக்கு, பேர் இருக்கு. நம்மாட்கள்ல பெரும்பாலானவங்களுக்குப் பேரே எழுதி வைக்கல. நண்பன் வீட்ல அவரோட ஒரு போட்டோ கூட இல்லையாம். ஒண்ணு சொல்லணும், அங்க வாளால் செத்தவங்க ரொம்பக் குறைவு. காலரா, மலேரியா, பட்டினி, அடி. ஆனா அந்த முகாம்ல நின்னுகிட்டு "போ, வெட்டு, தூக்கு"ன்னு கத்தினவன் இடுப்புல ஒரு வாள் தொங்கிச்சு.

நான் பார்த்து வெச்ச வாள் சயாம் பக்கமே போயிருக்காம இருக்கலாம். மஞ்சூரியாவில் ஏதாவது அலுவலகச் சுவர்ல தொங்கியிருக்கலாம், கப்பலே ஏறாம இருந்திருக்கலாம். நகாகோ அதைச் சொல்லாது. கொல்லன் பேர், மாசம், வருஷம், முத்திரை எல்லாம் இருக்கு. இடுப்புல கட்டினவன் பேர் மட்டும் இல்லை.

சட்டமும் அதைக் கேட்கறதில்லை. 1945இல் சரணடைஞ்ச உடனே அமெரிக்கப் படை வீடு வீடா வாள்களைப் பறிமுதல் பண்ணி உருக்கவும் கடலில் கொட்டவும் ஆரம்பிச்சது. ஹோம்மா ஜுன்ஜிங்கிற வாள் அறிஞர், கேட்வெல் என்ற அமெரிக்க கர்னலைப் பிடிச்சு, இதுல கலைப்பொருட்களும் இருக்கு, பிரிச்சுப் பாருங்கன்னு போராடினார். அப்படித்தான் ஆயிரக்கணக்கான வாள்கள் பிழைச்சது. அதுக்கப்புறம் வந்த ஜப்பானியச் சட்டமும் அதே வழிதான். பழைய முறையில் அடிச்சதா இருந்தா கலைப்பொருள், பதிவுச் சீட்டு கொடுப்பாங்க. இயந்திரத்துல செஞ்சதா இருந்தா வெறும் ஆயுதம், போலீஸ்ல ஒப்படைக்கணும், அழிச்சிடுவாங்க. அமெரிக்கச் சிப்பாய் நினைவுப்பொருளா எடுத்துட்டுப் போன அலுமினியப் பிடி வாள் டெக்சாஸ்ல ஒரு வீட்டுப் பரண்ல பத்திரமா இருக்கும். ஜப்பான்ல பரண்ல கிடைச்சா பழைய இரும்பு. எந்த வாள் என்ன பண்ணிச்சுங்கறது கணக்குலயே வர்றதில்லை. எஃகு எப்படி ஆறிச்சு, அதான் கேள்வி.

கடைக்கார ஐயாவுக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். என் அரைகுறை ஜப்பானிய மொழியை இம்மி கூடச் சிரிக்காம கேட்பார். அந்த ஷோவா 18 வாளுக்கு ரெண்டு உடுப்பு இருந்தது. ஒண்ணு, வார்னிஷ் கூட அடிக்காத வெள்ளை மரத்துல செஞ்ச உறை, பிடி. வாளைப் பாதுகாக்கறதுக்கு மட்டும். இன்னொண்ணு 1938 மாடல் ராணுவ உறை. மரத்து மேல தோல் போர்த்தினது, பிடியில் செர்ரிப்பூ வேலைப்பாடு. "ராணுவ உறையைத் தனியா வாங்கிக்கிற ஆள் இருக்காங்க. வெள்ளை உறையோட எடுத்துக்குங்க, விலையும் குறையும், பார்க்கவும் சுத்தமா இருக்கும்"னார்.

அந்தச் 'சுத்தமா'தான் எனக்கு இடிச்சது. வெள்ளை மர உறையில் போட்டா அது எந்த நூற்றாண்டுலயும் செஞ்ச ஒரு கலைப்பொருள். ராணுவ உறையில் போட்டாத்தான் அது 1943. இன்னொண்ணும் உண்டு. பிடியில் கட்டியிருந்த குஞ்சம் பழுப்பும் நீலமுமா இருந்தது. அந்த நிறம் லெப்டினன்ட் முதல் கேப்டன் வரையிலான அதிகாரிகளுக்கு. மேஜருக்கு மேலன்னா சிவப்பு. அதிகாரிகள் வாளைச் சொந்தக் காசுல வாங்கணும், சின்ன அதிகாரிக்கு இந்தத் தரம் கொஞ்சம் பெரிய செலவுதான். கட்டினவனைப் பத்தி இந்த வாள் சொல்ற ஒரே தகவல் அந்தக் குஞ்சத்துலதான் இருக்கு. அதையும் கழட்டி இன்னொருத்தனுக்கு வித்துட்டா?

ரெண்டையும் சேர்த்தே கேட்டேன். ஐயா கொஞ்சம் யோசிச்சுட்டு குறைச்சும் கொடுத்தார். அப்படியும் ஒரு பழைய கார் வாங்கற காசு போச்சு. (அம்மாவுக்குத் தொகை தெரியாது.)

வாங்காம இருந்திருக்கலாமேன்னு நீங்க கேட்கலாம். நண்பன்கிட்ட நானே கேட்டேன். "நீ வாங்கலன்னா வேற ஆள் வாங்குவான், சாமுராய் கதை சொல்லிகிட்டு இருப்பான். நீ வாங்கு. ஆனா சுவத்துல மாட்டாதே"ன்னான்.

மாட்டல. அலமாரியில அரிசி மூட்டைக்குப் பக்கத்துல படுக்க வெச்சிருக்கேன். வாள் வெள்ளை உறையில், ராணுவ உறை பக்கத்துல, அதுக்குள்ள வாள் வடிவத்துல ஒரு மரத்துண்டு. வாங்கின இருபது நாளைக்குள்ள பேர் மாத்தச் சொல்லி கல்வி வாரியத்துக்குக் கடிதாசி போடணும். ஆமாம், கல்வி வாரியம்தான், போலீஸ் இல்லை. அதுவும் போட்டாச்சு. சில மாசத்துக்கு ஒரு தடவை பழைய எண்ணெயைத் துடைச்சுட்டு புது எண்ணெய் தடவணும். அதுல கிராம்பு வாசனை கலந்திருப்பாங்க, ரூம் பூரா பல்வலி மருந்து வாசம் அடிக்கும். போன வாரம் நண்பன் வீட்டுக்கு வந்தப்பதான் முதல் தடவை வாளைக் கையில் வாங்கிப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தான். "நல்லா செஞ்சிருக்கான்டா"ன்னு சொல்லிட்டுக் கொடுத்தான்.

நிஷி-கசாய் பக்கம் யாராச்சும் வந்தா சொல்லுங்க. காட்டறேன். டீ உண்டு.