குளோன்களுக்குச் சொந்த புத்தி உண்டா?

ஸ்டார் வார்ஸ் பார்க்காதவர்கள் தலைப்பைப் பார்த்து ஓடிவிட வேண்டாம். இரண்டே பத்தியில் கதையைச் சொல்லிவிடுகிறேன். பார்த்தவர்கள் தாண்டிக்கொள்ளலாம். இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் மன்னிக்கவும், சஸ்பென்ஸ் எல்லாம் உடையப் போகிறது :-)

2002-ல் வந்த 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' படத்தில் கமீனோ என்று ஒரு மழைக் கிரகம் வரும். அங்கே ஜாங்கோ ஃபெட் என்ற ஒரே ஆளின் மரபணுவை வைத்து லட்சக்கணக்கில் சிப்பாய்களை உருவாக்கியிருப்பார்கள். சீக்கிரம் ஆளாக வேண்டும் என்று வளர்ச்சியை முடுக்கிவிட்டிருப்பார்கள். கேள்வி கேட்காமல் கீழ்ப்படிய வேண்டும் என்று மரபணுவிலும் கைவைத்திருப்பார்கள். இவர்கள்தான் குளோன்கள். ஜெடாய்களின் தலைமையில் குடியரசுக்காகச் சண்டை போடுகிறார்கள்.

2005-ல் 'ரிவெஞ்ச் ஆஃப் தி சித்'. பால்பட்டீன் ஹோலோகிராமில் தோன்றி 'ஆணை 66'-ஐ நிறைவேற்றச் சொல்கிறார். அவ்வளவுதான். ஒபி-வானின் கைதவறிய ஒளிவாளை எடுத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்த கமாண்டர் கோடி, சற்று நேரத்தில் அதே ஒபி-வான் மேல் சுடச் சொல்கிறார். கிரகத்துக்குக் கிரகம் இதே கதை. கூடவே நின்று சண்டை போட்ட ஜெடாய்களை, பின்னால் வந்த சிப்பாய்களே சுட்டுத் தள்ளுகிறார்கள்.

ஏன் சுட்டார்கள்? மேட்டர் இதுதான். ரசிகர்கள் இத்தனை வருடமாக அடித்துக்கொள்வது இதற்காகத்தான். எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் மூன்று செமஸ்டராக நடக்கும் சண்டையும் இதுதான்.

ஒரு கட்சி, அவர்கள் தெரிந்தேதான் செய்தார்கள் என்கிறது. இதற்கு ஆதாரம் உண்டு. 2005-ல் வந்த 'பேட்டில்ஃப்ரண்ட் 2' கேமில் ஒரு பழைய குளோன் சிப்பாய் தன் நினைவுகளைச் சொல்லிக்கொண்டே வருவார். என்ன நடக்கப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், சிலருக்கு மனதுக்குள் சந்தேகமும் இருந்திருக்கலாம், ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை என்பார். கேரன் ட்ராவிஸ் எழுதிய 'ரிபப்ளிக் கமாண்டோ' நாவல்களிலும் சிப் கிடையாது. ஆணை 66 என்பது முன்பே எழுதிவைத்த அவசரகால ஆணைகளில் ஒன்று. சட்டப்படி வந்த ஆணை, சிப்பாய் செய்தான்.

இன்னொரு கட்சி சிப் கட்சி. 'தி குளோன் வார்ஸ்' தொடரின் ஆறாவது சீசன் 2014-ல் வந்தது. ஒவ்வொரு குளோனின் மூளையிலும் ஒரு சிப் இருக்கிறது, ஆணை வந்ததும் அது வேலை செய்யும் என்று அதில் காட்டினார்கள். அதே வருடம் பழைய நாவல்களை எல்லாம் 'லெஜண்ட்ஸ்' என்று தனியாக ஒதுக்கிவிட்டதால், அதிகாரபூர்வமாகச் சிப்தான் ஜெயித்தது.

என் ரூம்மேட் சிப் கட்சி. அவன் வாதம் எளிமையானது. "ரெக்ஸ், ஃபைவ்ஸ், கோடி எல்லாரையும் அத்தனை சீசன் கூடவே இருந்து பாத்துட்டோம்டா. அவனுங்க தெரிஞ்சே செஞ்சாங்கன்னு சொன்னா தாங்க முடியாது." புரிகிறது. எனக்கும்தான் தாங்க முடியாது. ஆனால் நமக்குத் தாங்க முடியவில்லை என்பது ஒரு வாதமா?

எனக்குச் சிப் மேல் இருந்த வருத்தம் வேறு. அதே தொடரில் நாலாவது சீசனில் உம்பாரா கதை வரும். பாங் க்ரெல் என்ற ஜெடாய் ஜெனரல் குளோன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், நம்பர்தான். ஆணையை மீறியதற்காக ஃபைவ்ஸையும் ஜெஸ்ஸியையும் சுட்டுக் கொல்லச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும் குளோன்கள் அத்தனை பேரும் வேண்டுமென்றே குறி தவறிச் சுடுவார்கள். தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இவர்கள். அப்படிப்பட்டவர்களின் மிகப் பெரிய குற்றத்தை ஒரு சிப்பின் தலையில் கட்டிவிட்டால், சொந்த புத்தி பற்றிய கேள்வியே அங்கு செத்துவிடுகிறதே?

இந்த இடத்தில் என் பி.காம். மூளை குறுக்கே வந்தது. சிரிக்காதீர்கள். முதல் வருடம் பிசினஸ் லா பேப்பரில் 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் படித்திருப்போம். பிரிவு 14, சம்மதம் எப்போது சுதந்திரமானது என்று சொல்கிறது. மிரட்டல், தகாத செல்வாக்கு, மோசடி, தவறான தகவல், தவறு இவற்றால் வந்ததாக இருக்கக் கூடாது. பிரிவு 11-படி ஒப்பந்தம் போட மேஜராக இருக்க வேண்டும். மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லவே செல்லாது என்று 1903-ல் மோஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொன்னது.

இப்போது குளோன்களைப் பாருங்கள். போர் தொடங்கும்போது அவர்கள் உடம்புக்கு இருபது வயது, பிறந்து ஆனது பத்து வருடம். சம்பளம் இல்லை, விலகும் உரிமை இல்லை. சிப்பை எடுத்துவிட்டாலும் இந்தச் சம்மதம் எந்தக் கோர்ட்டில் நிற்கும்?

சண்டையை நாம் தப்பான முனையில் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. துப்பாக்கி பிடித்தவனுக்குச் சொந்த புத்தி இருந்ததா என்று இருபது வருடமாகக் கேட்கிறோம். யார் ஆர்டர் கொடுத்தது, யார் பணம் கட்டியது என்றே தெளிவாகத் தெரியாத ஒரு படையை வாங்கி மறுநாளே போருக்கு அனுப்பிய யோடாவுக்குச் சொந்த புத்தி இருந்ததா என்று எத்தனை பேர் கேட்டோம்? பில் இல்லாத சரக்கை எந்தக் கடைக்காரராவது கண்ணை மூடிக்கொண்டு இறக்குவாரா? சிப்பைக் கண்டுபிடித்து, ஜெடாய் ஒருவரிடமே போய்ச் சொல்ல முயன்றான் ஃபைவ்ஸ். அனகின் நம்பவில்லை. இன்னொரு குளோனின் குண்டுக்குச் செத்தான்.

சரி, அப்படியானால் சுட்டவன் மேல் எதுவும் இல்லையா? இதை எனக்கு யோசிக்க வைத்தது சினிமா இல்லை. போன லீவில் ஒரு ஆடிட் ஆபீஸில் இரண்டு மாதம் எடுபிடி வேலை. ஒருநாள் சீனியர் ஒரு லிஸ்டைக் கொடுத்து டிக் போடச் சொன்னார். சில செலவுகளுக்கு வவுச்சரே இல்லை. "வவுச்சர் இல்லைன்னு பக்கத்துல எழுதிடவா சார்?" என்றேன். லிஸ்டை வாங்கி என் பக்கத்து சீட் பையனிடம் கொடுத்துவிட்டார். அவன் என் முகத்தைப் பார்க்காமல் டிக் போட்டு முடித்தான். அவன் சம்பளத்தில்தான் அவன் வீட்டு வாடகை. நான் வீட்டுக்குப் போனால் அம்மா தோசை வார்த்துத் தருவார். அவன் மண்டையில் சிப் இல்லைதான். ஆனால் என் 'முடியாது'வும் அவன் 'முடியாது'வும் ஒரே விலை இல்லை.

'தி பேட் பேட்ச்' தொடரில் இது தெளிவாக வருகிறது. ரைலாத்தில் கேப்டன் ஹவ்ஸர் ஆயுதத்தைக் கீழே போடுகிறார், கைதாகிறார். சிப்பை எடுத்த பிறகும் கிராஸ்ஹேர் எம்பயரோடே நிற்கிறான். கோடியோ, முடிவெடுத்தால் அதோடு வாழ்ந்தாக வேண்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டுக் காணாமல் போகிறார்.

ஆகவே என் கட்சி மூன்றாவது. சொந்த புத்தி எல்லோருக்கும் உண்டு. அதைப் பயன்படுத்த ஆகும் செலவுதான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. செலவு குறைவாக இருந்தும் வாய் திறக்காதவனைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்தக் கணக்கில் யோடா முதல் வரிசை, கோடி கடைசி வரிசை.

ரூம்மேட் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. யோடாவைச் சொன்னதில் கோபம் வேறு. நீங்கள் எந்தக் கட்சி?