பெயருக்கு முன்னால் ஓர் ஊர்

போன மாதம் அமெரிக்காவிலிருந்து பேரன் போன் செய்தான். அவரவர் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பள்ளியில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாம். "பக்கத்து சீட்டுப் பையன் பெயர் சட்டன். அது ஒரு ஊர்ப் பெயராம் தாத்தா. நம்முடையது என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுடைய குடும்பப் பெயர் என்பது என் பெயர்தான். பாட்டி வேண்டிக்கொண்டு எனக்கு வைத்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' கட்டத்தைக் காலியாக விட்டால் அந்த ஊரில் தொல்லை என்று மகன் என் பெயரை அங்கே போட்டான். அது அப்படியே பேரனுக்கும் இறங்கிவிட்டது. சரித்திரம் அவ்வளவுதான்.

சட்டன் என்றால் தெற்கூர் என்று அவனுக்குச் சொன்னேன். நார்ட்டன் வடக்கூர். இங்கிலாந்தில் 'டன்' என்று முடியும் பெயர்களில் பெரும்பாலானவை ஊர்ப் பெயர்கள். ஆதியில் அந்தச் சொல் வேலி போட்ட பண்ணையைக் குறித்தது, பிறகு ஊருக்கு ஆகிவந்தது. 1066-இல் நார்மானியர் வந்த பிறகு, நிலம் வைத்திருந்தவர்கள் முதலில் ஊர்ப் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள். சாதாரண ஜனங்களுக்கு அது மெதுவாக வந்தது. 12-ஆம் நூற்றாண்டில் வில்லியம் என்பவர் ஹார்ட்பர்ன் என்ற தம் ஊரைக் கொடுத்து, டர்ஹம் பக்கத்து வாஷிங்டன் ஊரை மாற்றாக வாங்கினார். கூடவே பெயரையும் மாற்றிக்கொண்டார். அந்த வம்சத்தில் வந்தவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன். சின்னக் கிராமத்தின் பெயர் ஒரு குடும்பத்தின் மேல் ஏறிக் கடல் தாண்டி, இன்று ஒரு நாட்டின் தலைநகருக்குப் பெயராக இருக்கிறது.

ஒன்று கவனித்தீர்களா? ஊர்ப் பெயர் அந்த ஊரிலேயே இருப்பவனுக்கு ஒட்டுவதில்லை, ஊரை விட்டுப் போனவனுக்குத்தான் ஒட்டும். என் அப்பாவை வழுவூரில் யாரும் 'வழுவூரார்' என்று அழைத்ததில்லை. குரோம்பேட்டைக்கு வந்த பிறகுதான் மளிகைக் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை அவர் வழுவூரார் ஆனார். பூங்குன்றனார், கோவூர் கிழார் காலத்திலிருந்தே நம்மிடம் இருக்கும் வழக்கம்தான் இது. எம்.எஸ். அம்மாவின் 'எம்' மதுரை, ஆர்.கே. நாராயணின் 'ஆர்' ராசிபுரம். நாம் ஊரை ஒரே எழுத்தில் மடித்து முன்னால் வைத்தோம், அவர்கள் முழுசாகப் பின்னால் வைத்தார்கள்.

நம்ம குரோம்பேட்டைக்கே இதில் ஒரு பங்கு உண்டு. குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்த பெயர் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சேம்பர்ஸ் துரையையும் பழையவர்கள் சொல்வார்கள். ஆனால் குரோம் உப்பில் தோல் பதனிடும் முறையைச் சென்னை மாகாணத்துக்குக் கொண்டுவர முன்னின்றவர் ஆல்பிரட் சாட்டர்டன். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர். அலுமினியப் பாத்திரத் தொழிலையும் இங்கே தொடங்கிவைத்தவர் அவர்தான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் தண்ணீரிலேயே கிடந்தால் சீக்கிரம் கெட்டுவிடும், குரோம் தோல் தாங்கும். அதனால் கவலை இறைக்கும் சாலுக்கு அந்தத் தோலைப் போட்டுப் பார்த்தார்கள். அந்த சாட்டர்டன் என்ற குடும்பப் பெயரும் ஊர்ப் பெயர்தான், 1974 வரை லங்காஷயரைச் சேர்ந்திருந்த சாடர்டன். அதன் முன்பாதி ஆங்கிலமே இல்லை, அதற்கும் முந்திய பிரிட்டன் மக்களின் சொல். நாற்காலி என்று பொருள், குன்றுக்கும் அதையே சொல்வார்கள். குன்றோரத்து ஊரின் பெயரைச் சுமந்து வந்தவர் கொண்டுவந்த தொழிலால், நம் பேட்டைக்கு ஓர் உலோகத்தின் பெயர்!

அவர்கள் 700, 800 வருஷமாக ஊரை விடாமல் சுமக்கிறார்கள், முக்கால்வாசிப் பேர் அந்த ஊரைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். நம் வீட்டில் இரண்டே தலைமுறையில் போய்விட்டது. 1929-இல் செங்கல்பட்டு மாநாட்டுக்குப் பிறகு பெயருக்குப் பின்னாலிருந்த சாதியை விட்டோம். நல்ல காரியம், அதில் எனக்கு வருத்தமே கிடையாது. முன்னாலிருந்த ஊரை விட எந்த மாநாடும் சொல்லவில்லை. மகனுக்குப் பள்ளியில் பெயர் கொடுத்தபோது, ஒரு இனிஷியல் போதும் என்று 'வ'வை அடித்தது நான்தான். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் ரயில்வே கேட்டில் நின்றபோது மட்டும், "அப்போ பையன் குரோம்பேட்டைக்காரனா?" என்று கேட்டார். ரயில் போகிற சத்தத்தில் காது கேட்காதது போல் இருந்துவிட்டேன்.

இதையெல்லாம் பேரனிடம் சொல்லவில்லை. ஊர்ப் பெயரை மட்டும் சொன்னேன். நாலைந்து தடவை முயன்றான், 'வலுவூர்' என்றுதான் வந்தது. எழுதிக் கேட்டான், வாட்ஸ்அப்பில் தமிழிலேயே அனுப்பினேன். "அது எங்கே இருக்கு?" என்றான். மாயவரத்துக்குப் பக்கத்தில் என்றேன். அதை முதல் தடவையே சரியாகச் சொல்லிவிட்டான்.