பல்செட்டு புராணம்

பல்செட்டுன்னாலே நம்மாளுங்களுக்கு நக்கல்தான். சினிமாவுல தாத்தா தும்முவார், செட்டு பறந்து போய் யார் தட்டுலயாவது விழும், தியேட்டரே சிரிக்கும். ஆனா அதைப் போட்டுக்கிட்டு மூணு வேளையும் சாப்பிடற ஆளு வீட்டுல இருந்தா அதோட அருமை வேற.

எங்கம்மாவுக்கு வயசு 74. மேலயும் கீழயும் முழு செட்டு, கட்டி ஆறு வருஷமாச்சு. முதல் மூணு நாலு வருஷம் முறுக்கு, சீடை தவிர எல்லாம் சாப்பிட்டாங்க. அப்புறம் விசேஷ வீடுகளுக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. கேட்டா "முழங்கால் வலிடா". வீட்டுலயும் எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம்தான் தனியா உக்காந்து ரசம் சாதம். அக்காதான் பேச்சு கொடுத்து விஷயத்தைக் கறந்தா. கீழ்செட்டு ஆடுது, பேசினா டக் டக்குன்னு சத்தம், மென்னா எழும்பி வருது. பந்தியில நாலு பேர் முன்னாடி கழண்டு விழுந்துடுமோன்னு பயம். முழங்கால் பாவம், அது நல்லாத்தான் இருந்திருக்கு :-)

பல் டாக்டரம்மா பார்த்துட்டு சொன்னாங்க: "செட்டு பெரிசாகலைம்மா, உங்க தாடைதான் சின்னதாயிடுச்சு."

பல் இருக்கற வரைக்கும் அதைத் தாங்கற எலும்புக்கு வேலை இருக்கு. பல்லை எடுத்துட்டா எலும்பு கரைய ஆரம்பிக்கும். முதல் வருஷம் வேகமா, அப்புறம் மெதுவா, ஆனா நிக்கவே நிக்காது. மேல்தாடையை விட கீழ்தாடைதான் அதிகம் கரையும். மேல்செட்டு அண்ணம் முழுக்கப் பரவி, ஈரமான ரெண்டு கண்ணாடி ஒட்டிக்கிற மாதிரி எச்சில்ல ஒட்டி நிக்கும். கீழ்செட்டு வெறும் லாட வடிவம், போதாக்குறைக்கு நாக்கு வேற தள்ளும். அதனால முதல்ல ஆடறது பெரும்பாலும் கீழ்செட்டுதான்.

புது செட்டு வேண்டியிருக்கலை. ரீலைன்னு ஒண்ணு இருக்கு. பழைய செட்டுலயே இப்போதைய ஈறுக்கு அளவு எடுத்து, உள்பக்கம் புது அக்ரிலிக் ஏத்தித் தர்றாங்க. ஒரு நாள் பொக்கை வாயோட இருந்தாங்க அம்மா, அவ்வளவுதான். இப்பவும் தட்டை கடிச்சா லேசா அசையுதாம். ஆனா போன மாசம் ஒரு வளைகாப்புல பந்தியில உக்காந்து, ரெண்டாவது அப்பளம் கேட்டு வாங்கினாங்க.

வீட்டுல செட்டு இருக்கறவங்களுக்கு, கத்துக்கிட்டதுல கொஞ்சம்:

1. கழுவும்போது கீழே தண்ணி நிரப்பின பேசினோ, மடிச்ச துண்டோ இருக்கட்டும். நிறைய செட்டு உடையறது கை வழுக்கித்தான்.

2. பேஸ்ட் வேண்டாம், அதுல இருக்கற பொடி அக்ரிலிக்கைக் கீறும், கீறல்ல அழுக்கு சேரும். மிருதுவான பிரஷ், சோப்புத் தண்ணி போதும். கொதிக்கற தண்ணி கூடவே கூடாது, வளைஞ்சுடும்.

3. ராத்திரி கழட்டித் தண்ணியில போடணும். ஈறுக்கும் ஓய்வு வேணும். போட்டுக்கிட்டே தூங்கினா அடியில பூஞ்சை வந்து சிவந்து போகும்.

4. விரிசல் விட்டா கடையில விக்கற பசை போட்டு ஒட்டாதீங்க. துளி நகர்ந்து ஒட்டினாலும் கடி மாறிடும், அப்புறம் லேப்லயும் சரி பண்றது கஷ்டம். துண்டுகளைப் பத்திரமா எடுத்துக்கிட்டுப் போங்க.

5. ஒரு இடத்துல குத்திப் புண்ணாச்சுன்னா நாமே ராவக் கூடாது. டாக்டர்கிட்ட போறதுக்கு முந்தின நாள் செட்டைப் போட்டிருந்தா எங்க குத்துதுன்னு அவங்களுக்குத் தெளிவாத் தெரியும். அந்த இடத்தை மட்டும் தேய்ச்சு விடுவாங்க.

6. வாய் வறண்டா பிடிமானம் போகும். சில பிரஷர் மாத்திரை, அலர்ஜி மாத்திரை எச்சிலைக் குறைக்கும். என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு பல் டாக்டர்கிட்டயும் சொல்லுங்க.

ஒரு கொசுறு. அமெரிக்காவோட முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789ல பதவி ஏத்தப்போ அவர் வாயில சொந்தப் பல் ஒண்ணே ஒண்ணுதான். மரப்பல்னு சொல்றது கட்டுக்கதை. ஈயம், தந்தம், மனுஷப் பல்லு, நடுவுல ஸ்பிரிங்! அந்த ஆளு எப்படித்தான் சாப்பிட்டாரோ. நமக்கு அக்ரிலிக் இருக்கு, ரீலைன் இருக்கு. வாய்விட்டுச் சொல்லத்தான் பெரியவங்களுக்குக் கூச்சம். உங்க வீட்டுலயும் யாராவது திடீர்னு ரசம் சாதத்துக்கு மாறியிருந்தா, மெதுவா ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.