சொல்லத் தவறிய சொல்

மேடைதோறும் மூடநம்பிக்கையைச் சாடி வந்த நாம், நமது பெரியப்பாவின் மரணத்தில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒளியாது இங்கே எழுதுகின்றோம். படிக்கும் குடும்பம் ஒன்றேனும் விழிப்படையுமாயின் அதுவே போதும்.

பெரியப்பா 40 ஆண்டு பால்மரம் வெட்டியவர், சுருட்டை விடாதவர். வயிற்றினுள் ஓடும் பெருநாடி வீங்கியிருக்கக் கண்ட டாக்டர்கள், வயிற்றைத் திறந்து, செயற்கை இழையாலான குழாயை அவ்விடத்தில் பொருத்தினர். பாரிஸ் நகரில் 1951ஆம் ஆண்டு டூபோஸ்ட் என்னும் மருத்துவர் வீங்கிய நாடியை அகற்றி, இறந்தவர் ஒருவரின் நாடியை வைத்துத் தைத்தது முதல் வளர்ந்து வந்த அரிய சிகிச்சை அது. பெரியப்பா நலமுற்று வீடு திரும்பினார். நான்கு ஆண்டுகள் கழிந்தன. தழும்பை அவரும் மறந்தார், நாமும் மறந்தோம்.

ஒருநாள் அவருக்கு மலம் தார்போல் கறுத்துப் போயிற்று, தலை சுற்றிற்று. பெரியம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். நாம் அதைக் கண்டு நகைத்து, பெரியப்பாவை டாக்டரிடம் அழைத்துச் சென்றோம். "முன்பு ஏதேனும் நோயுண்டா?" என்று அவர் வினவினார். "ஒன்றுமில்லை" என்றோம். குடற்புண்ணாக இருக்கலாமென்று மருந்து கொடுத்தார். சில நாட்களில் கறுப்பு நீங்கிற்று.

"வெட்டித் தைத்த வயிறாயிற்றே, அதைச் சொன்னீர்களா?" என்று பெரியம்மா கேட்டார். "ஆறிப்போன புண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று அவர் வாயை அடைத்தோம். அந்த வார இறுதியில் ஓரிரவு பெரியப்பா இரத்தம் இரத்தமாக வாந்தியெடுத்தார். ஆஸ்பத்திரி வாயிலை அடையுமுன் ஆவி பிரிந்தது.

சம்பந்தம் யாதென்று, பிரேத பரிசோதனைக்குப் பின் ஒரு டாக்டர் விளக்கினார். பெருநாடிக்கு முன்புறமாகச் சிறுகுடலின் தொடக்கப் பகுதி நெருங்கிக் கிடக்கின்றது. நாடியின் ஓயாத துடிப்பினால் குழாய் குடலை உரசியோ, கிருமி புகுந்து தையலை அரித்தோ, இரண்டிற்குமிடையே துவாரம் உண்டாகலாம். முதலில் கசியும் இரத்தம் சிறிதே. அது உறைந்து, துவாரத்தை அடைத்து, தானே நின்றுவிடும். பின்னர் வரும் பெருக்கிற்கு அது முன்னறிவிப்பு. அடைப்பு விலகுவது சில மணி நேரத்திலோ, சில நாட்களிலோ, சில வாரங்களிலோ நேரலாம். இச்சிகிச்சை பெற்றோர் 100 பேரில் ஒருவர் இருவருக்கே வருவது இது. ஆதலின் சொன்னாலன்றி எவர்க்கும் எளிதில் நினைவில் எழாது. அன்றே சொல்லியிருந்தால் சி.டி. படமெடுத்திருப்பர், மீண்டும் அறுவை செய்திருப்பர். ஆபத்தான அறுவையே எனினும், பிழைக்க ஒரு வழியேனும் இருந்திருக்கும்.

சுற்றத்தார் "விதி" என்றனர். விதியின்மேல் பழிபோட நமக்கு மனம் வரவில்லை. அறியாததை அறிந்ததாக எண்ணி, அறிந்து கேட்டவரை நகைத்தோமே, அதைவிட மூடத்தனம் வேறென்ன?

அன்பர்களே! பெருநாடியில் சிகிச்சை பெற்றவர் உங்கள் இல்லத்தில் இருப்பாராயின், எத்தனை ஆண்டு சென்றிருந்தாலும், மலம் கறுத்தாலோ இரத்தம் கண்டாலோ, அது தானே நின்றுவிட்டாலும், தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். சென்றதும் முதற் சொல்லாக அத்தழும்பைப் பற்றிச் சொல்லுங்கள். பெரியம்மா நம்மிடம் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.